குளிருக்கு முன் ஒருமுறை கீழே இறங்குங்கள்

ரொறன்ரோவில் செப்டெம்பர் கடைசியில் மேப்பிள் இலைகள் நிறம் மாறத் தொடங்கியதும் எங்கள் ஆட்களுக்குக் குளிர்காலத்தின் நினைவு வந்துவிடும். பிள்ளைகளுக்குப் போன வருட ஜக்கெட் இன்னும் அளவா என்று போட்டுப் பார்ப்பார்கள். காருக்கு வின்டர் டயர் போட நாள் எடுப்பார்கள். பனி வழிக்கிற சவல் கராஜில் எந்த மூலையில் கிடக்கிறதென்று தேடுவார்கள். வரப்போகிற ஆறு மாதமும் வீட்டைச் சூடாக வைத்திருக்கப்போகிற ஃபேர்னஸை மட்டும் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. அது பேஸ்மன்டில், பழைய சூட்கேசுகளுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் பின்னால் நின்றுகொண்டிருக்கும்.

எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பாதி வாழ்க்கை இந்த ஊர்க் குளிரோடு போயிருக்கிறது. இத்தனை காலத்தில் ஃபேர்னஸ் வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்ட நண்பர்கள் ஒருவரும் ஒக்டோபரில் கூப்பிட்டதில்லை. எல்லாம் மார்கழி, தை இரவுகள்தான். நவம்பரில் முதல் கடுங்குளிர் விழும் மாலையில் நகரம் முழுவதும் ஒரே நேரத்தில் தெர்மோஸ்டாட்டைக் கூட்டிவிடுகிறார்கள். ஓடாத இயந்திரங்கள் எவையென்று அன்றைக்குத்தான் தெரியவருகிறது. பிறகு பழுது பார்க்கிறவர்களின் தொலைபேசி ஓயாது. இரவில் வந்தால் இரட்டிப்புக் கூலி. நவராத்திரிக் காலத்தில் கூப்பிட்டால் அதே ஆள் பகலில் ஆறுதலாக வருவார், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார், ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போவார்.

யாழ்ப்பாணத்தில் எங்களுடையது பனையோலை வீடு. புரட்டாசிக்குள் வேய்ந்து முடித்துவிட வேண்டும் என்பதில் அப்பா கண்டிப்பானவர். ஓலையை மிதித்து, அடுக்கி, பாரம் வைத்துப் பல நாட்களுக்கு முன்பே ஆயத்தம் தொடங்கிவிடும். வேய்கிற அன்று அயலவர்கள் வந்து கூட நிற்பார்கள். அடுத்த கிழமை அவர்களின் வீட்டுக் கூரையில் அப்பா நிற்பார். "போன மாரிக்கு ஒரு துளி ஒழுகேல்லையே, ஏன் இப்ப பிரிக்கிறியள்?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒழுகத் தொடங்கினாப் பிறகு மழைக்குள்ள கூரையில ஏறேலாது, தம்பி" என்றார். நான் இங்கே பார்த்த ஒவ்வொரு தை மாதத்து அவதிக்கும் அந்த ஒரு வரி பொருந்துகிறது.

எண்பதுகளின் கடைசியில் நான் வந்து சேர்ந்தது ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்டுக்கு. நாங்கள் சில இளைஞர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். என்னுடைய கட்டிலுக்கும் ஃபேர்னஸுக்கும் நடுவில் ஒரு பலகைத் தட்டிதான் இருந்தது. அந்தக் காலத்து இயந்திரத்தில் பைலட் என்கிற சின்னச் சுடர் ஒன்று இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கும். தகரத்தின் இடுக்கு வழியாக அந்த நீலம் தெரியும். மேலே வீட்டுக்காரர் தெர்மோஸ்டாட்டைக் கூட்டினால் இங்கே 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு 'புஸ்' என்று பெரிய அடுப்புப் பற்றும். கொஞ்சம் பொறுத்துத்தான் காற்றாடி சுழலத் தொடங்கும். நித்திரை வராத இரவுகளில் அந்த ஒழுங்கு எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

வீட்டுக்காரர் இத்தாலியில் பிறந்தவர். கட்டட வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஒக்டோபரிலும் ஒரு சனிக்கிழமை கையில் டோர்ச் லைட், தூசு உறிஞ்சி, சின்ன எண்ணெய்க் குப்பி, புது ஃபில்டர் ஆகியவற்றோடு படியிறங்கி வருவார். காற்றாடி மோட்டாரின் இரண்டு முனைகளிலும் எண்ணெய்த் துவாரம் இருந்த காலம் அது. இரண்டிலும் சொட்டுச் சொட்டாக விடுவார். பழைய ஃபில்டரை இழுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுப் புதியதைச் செருகுவார். காதுக்குப் பின்னாலிருந்து பென்சிலை எடுத்து ஃபேர்னஸின் பக்கவாட்டுத் தகரத்தில் அன்றைய தேதியை எழுதுவார். ஒன்றன் கீழ் ஒன்றாக, அவர் அந்த வீட்டை வாங்கிய காலத்திலிருந்தே தேதிகள் இறங்கி வந்திருந்தன. எந்த வருடமும் விடுபடவில்லை.

வேலை முடிந்ததும் அவர் நேரே மேலே போய்விடமாட்டார். எங்களுடைய அறைகளில் சுடுகாற்று வருகிற ஒவ்வொரு வாயிலிலும் உள்ளங்கையைப் பிடித்துப் பார்ப்பார். "இரவில் குளிருகிறதா? உண்மையைச் சொல்லு" என்று உடைந்த ஆங்கிலத்தில் கேட்பார். என் அறையில் காற்றுக் குறைவென்று கண்டு, கூரையோடு போகிற குழாயில் இருந்த சின்னப் பிடியைத் திருப்பிவிட்டார். அந்தப் பிடியை வெயில் காலத்தில் ஒரு பக்கமும் குளிர்காலத்தில் மறுபக்கமும் மாற்ற வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். சூடான காற்று மேலே ஏறும், குளிர்ந்தது கீழே தங்கும். ஆகவே குளிர்காலத்தில் பேஸ்மன்டுக்குக் கூடுதலாகவும், கோடையில் மேல்மாடிக்குக் கூடுதலாகவும் காற்றைத் திருப்ப வேண்டும். வாடகை கொடுத்துக் கீழே கிடந்த பெயர் தெரியாத ஒரு பையனின் அறைக்காக அவர் கழுத்தை அண்ணாந்துகொண்டு நின்றதை நான் மறக்கவில்லை.

இப்போது எங்கள் ஆட்கள் மேலே இருக்கிறார்கள். கீழே இருப்பது படிக்க வந்த பிள்ளைகள், புதிதாக வந்த குடும்பங்கள். தெர்மோஸ்டாட் மேல்வீட்டு ஹோலில் இருக்கிறது. மேலே சமையல் சூட்டிலும் வெயில் படுகிற யன்னல் அருகிலும் இருபத்திரண்டு காட்டும்போது கீழே பதினேழாக இருக்கலாம். வாடகைக்கு இருப்பவர் தானே சூட்டைக் கூட்ட முடியாத வீடுகளில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரத்தின் சட்டம். சட்டத்தை விடுங்கள், சின்ன வெப்பமானி ஒன்றைக் கீழே தொங்கவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும். அந்தப் பிள்ளைகள் தாங்களாக வந்து குளிருகிறது என்று சொல்ல மாட்டார்கள். நாங்கள் சொன்னோமா?

ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முக்கால்வாசித் தொல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறது. வீட்டுக் காற்று முழுவதும் அந்த ஒரு அங்குல அட்டைச் சட்டத்துக்குள்ளால்தான் போய்வருகிறது. எங்கள் வீடுகளில் அது சும்மா தூசு மட்டுமா பிடிக்கிறது? மீன் பொரித்த எண்ணெய்ப் புகை, மிளகாய் வறுத்த நெடி, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி எல்லாம் அதில்தான் படிகின்றன. மூன்று மாதம் என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பிவிடாதீர்கள். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். விளக்குக்கு நேரே பிடித்தால் மறுபக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது முடிந்தது. புதியது வாங்கும்போது பழையதன் விளிம்பில் இருக்கிற அளவைப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான வீடுகளில் 16, 25, 1 என்று அங்குலத்தில் இருக்கும். விளிம்பில் ஓர் அம்புக்குறி உண்டு. காற்று போகிற திசைக்கு, அதாவது ஃபேர்னஸின் காற்றாடிப் பக்கத்துக்கு, அம்பு பார்த்திருக்க வேண்டும்.

காற்று அடைபட்டால் நடப்பது இதுதான். தீயின் சூட்டைக் காற்றுக்கு மாற்றுகிற உலோக அறை ஒன்று உள்ளே இருக்கிறது. போதிய காற்று வராவிட்டால் அது அளவுக்கு மீறிச் சூடேறும். ஒரு பாதுகாப்புச் சுவிட்ச் தீயை அணைத்துவிடும். ஆறியதும் மறுபடி பற்றும், மறுபடி அணையும். வீடு சூடாகாது, வாயுக் கட்டணம் மட்டும் ஏறும். இப்படியே வருடக்கணக்கில் சூடேறி ஆறினால் அந்த உலோகத்தில் வெடிப்பு விழும். அதன் பிறகு முழு இயந்திரத்தையும் மாற்ற வேண்டிய நிலைதான். கோடையில் ஏசிக்கும் இதே காற்றாடி, இதே குழாய், இதே ஃபில்டர். அடைபட்டால் குளிர்ச்சுருளில் ஐஸ் கட்டிவிடும். மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் என்று விலை கூடியதை வாங்கி ஒரு அங்குல இடத்தில் செருகுகிறார்கள். அது சில ஃபேர்னஸ்களுக்கு மூச்சடைப்பாகிவிடும். நடுத்தரமானதை வாங்கி நேரத்துக்கு மாற்றுவதே நல்லது.

சில வருடங்களுக்கு முன் தை மாதத்தில், மார்க்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டார். அவருடைய மனைவிக்கு அறுவைச் சிகிச்சை நடந்து வீட்டுக்கு வந்து சில நாட்கள்தான். ஃபேர்னஸ் பற்றுகிறது, சில நொடியில் அணைகிறது, திரும்பப் பற்றுகிறது, அணைகிறது, பிறகு பேசாமல் இருந்துவிடுகிறது. நான் போய்ச் சேர்ந்தபோது வீடு பதினான்கு பாகைக்கு இறங்கியிருந்தது. எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனுடைய இலக்கம் என்னிடம் இருந்தது, வாயு வேலைக்கு உரிமம் உள்ளவன். அவன் ஏற்கெனவே அன்று பல வீடுகள் பார்த்துக் களைத்திருந்தான். ஆனாலும் வந்தான்.

முன் மூடியைக் கழற்றி, மின்சாரத்தை நிறுத்தி, பென்சிலை விட மெல்லிய ஒரு உலோகக் கம்பியை உருவி எடுத்தான். நுனியில் வெள்ளையாக ஏதோ பூசினாற்போல் படிந்திருந்தது. "அங்கிள், இஞ்ச பாருங்கோ, இதுதான் ஃபிளேம் சென்சர். நெருப்பு இதில படேக்க சின்னதா ஒரு கறண்ட் ஓடும். அழுக்குப் பிடிச்சா ஓடாது. நெருப்பு இல்லையெண்டு நினைச்சு உடனே வாயுவை நிப்பாட்டிப் போடும்" என்றான். மெல்லிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி பொருத்தினான். தீ பற்றியது, இம்முறை அணையவில்லை. இயந்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. தீயில்லாமல் வாயு வீட்டுக்குள் போகக்கூடாது என்று அது செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. "ஒக்டோபரில செக் பண்ணேக்கயே இதைத் துடைச்சிருப்பம்" என்றான் அவன், குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல்.

அவன் உடனே கிளம்பவில்லை. தன் வானிலிருந்து சின்ன மின்சார ஹீட்டர் ஒன்றை எடுத்து வந்து, அந்த அம்மா படுத்திருந்த அறையில் பாதுகாப்பான தூரத்தில் வைத்தான். மேலே சூடு ஏறும்வரை கீழே ஃபேர்னஸைச் சுற்றிக் கிடந்த பெயின்ட் டின்கள், பழைய பத்திரிகைக் கட்டுகள், துணி மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அப்பால் வைத்தான். அரிசி மூட்டையைத் தூக்க நான் குனிந்தேன், விடவில்லை. தெர்மோஸ்டாட் பத்தொன்பது காட்டிய பிறகுதான் சப்பாத்தைப் போட்டான். இரவுக் கூலி வாங்கவும் மறுத்துவிட்டான். அவனுக்கு நாங்கள் செய்யக்கூடிய உபகாரம், ஒக்டோபரிலேயே கூப்பிட்டு அவனுடைய தை மாதத்து இரவைக் கொஞ்சம் இலேசாக்குவது.

புதிய ஃபேர்னஸ்களுக்குப் புகைக்கூண்டு இல்லை. 2009 முடிவுக்குப் பிறகு கனடாவில் வீட்டு வாயு ஃபேர்னஸ்கள் குறைந்தது 90 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும் என்றானது. 2019 இல் அது 95 ஆக உயர்ந்தது. புகையிலிருந்தும் கடைசிச் சூடுவரை உறிஞ்சிவிடுவதால் மிஞ்சுவது இளஞ்சூட்டு ஆவியும் தண்ணீருமே. அந்தத் தண்ணீர் ஒரு மெல்லிய குழாயால் நிலத்து வடிகாலுக்குப் போகிறது. அது அடைத்தாலும் ஃபேர்னஸ் நின்றுவிடும். காற்று எடுக்கவும் புகை விடவும் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் பக்கத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். பனி கொட்டிய காலையில் டிரைவ்வேயை வழித்து அந்தப் பக்கமே குவிக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. குழாய் மூடினால் வீடு குளிர்ந்துவிடும். சவலோடு வெளியே போகிற பிள்ளையை முதலில் கூட்டிப்போய் அந்த இரண்டு குழாய்களையும் காட்டுங்கள்.

அடுத்தது சொல்ல மனம் கனக்கிற விஷயம். 2008 டிசம்பரில் ஒன்றாரியோவின் வுட்ஸ்டொக் நகரில் லோரி ஹோக்கின்ஸ் என்கிற பொலிஸ் அதிகாரியும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் தங்கள் சொந்த வீட்டிலேயே இறந்துபோனார்கள். வாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டு, கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் நிறைந்துவிட்டது. அந்த வீட்டில் அதற்கான அலாரம் இருக்கவில்லை. லோரியின் உறவினரும் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரருமான ஜோன் ஜிக்னாக் அதன் பிறகு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 2013 இல் அந்தக் குடும்பங்களின் பெயரிலேயே ஒன்றாரியோவில் சட்டம் வந்தது. 2026 ஜனவரி முதல் வாயு அடுப்போ கணப்போ ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில், படுக்கும் இடத்தருகில் மட்டுமல்லாமல் எல்லாத் தட்டிலும் அலாரம் வைக்க வேண்டும் என்று விதி விரிந்திருக்கிறது.

கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, ஓங்காளம், சோர்வு என்று சாதாரணத் தடிமன் காய்ச்சல் போலத்தான் தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே போனால் விட்டுவிடுகிறதென்றால் உள்ளே நிற்காதீர்கள். வெளியே வந்து 911 ஐ அழையுங்கள். அலாரத்தின் பற்றரியை மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கருவிக்கே ஆயுள் உண்டு, ஏழிலிருந்து பத்து வருடம். பின்பக்கம் திருப்பினால் தேதி இருக்கும். என் மைத்துனரின் பேஸ்மன்டில் இருந்ததைத் திருப்பிப் பார்த்தபோது அது காலாவதியாகி நெடுநாள். பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

2013 டிசம்பர் ஐஸ் புயலை இங்கே இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. ரொறன்ரோவில் மட்டும் மூன்று இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. வாயு இருந்தும் வீடுகள் குளிர்ந்தன, ஏனென்றால் மின்சாரமில்லாமல் ஃபேர்னஸின் காற்றாடியும் ஓடாது, தீயும் பற்றாது. அந்த நாட்களில் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டியவர்களும், கராஜுக்குள் ஜெனரேட்டர் ஓட்டியவர்களும் இருந்தார்கள். தீயணைப்புப் படை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. போர்வையும், டோர்ச்சும், ஒரே அறையில் எல்லோரும் கூடியிருப்பதும், முடிந்தால் மின்சாரம் உள்ள உறவினர் வீடும்தான் அதற்கு வழி.

பகலில் தனியே வீட்டில் இருக்கிற என் வயதுக்காரருக்கு ஒரு வார்த்தை. ஃபேர்னஸைச் சும்மா பார்த்துத் தருகிறோம், உங்கள் இயந்திரம் ஆபத்தானது, இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள் என்று கதவைத் தட்டி வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள். நாங்கள் கூப்பிடாமல் வீட்டுக்கு வந்து ஃபேர்னஸ், ஏசி, சுடுதண்ணீர்த் தாங்கி ஆகியவற்றுக்கு ஒப்பந்தம் போடுவது 2018 மார்ச் முதல் ஒன்றாரியோவில் தடை. அப்படிக் கையெழுத்து வாங்கி, வீட்டு உறுதியிலேயே தங்கள் உரிமையைப் பதிந்து, வீட்டை விற்கப்போகும்போது ஆயிரக்கணக்கில் கேட்டவர்களால் எத்தனையோ முதியவர்கள் கலங்கிப் போனார்கள். நுகர்வோர் பொருட்களுக்கு அப்படிப் பதிவதை 2024 இல் சட்டம் தடுத்தது. வாயு வேலைக்கு வருகிறவரிடம் டிஎஸ்எஸ்ஏ என்கிற மாகாணப் பாதுகாப்பு அமைப்பின் உரிம அட்டையைக் கேளுங்கள். நல்ல தொழிலாளி கேட்கமுன்பே காட்டுவார்.

வெளியே நிற்கிற ஏசிப் பெட்டிக்கும் இதே மாதத்தில் கொஞ்ச வேலை இருக்கிறது. உள்ளே விழுந்த இலைகளைக் கையால் எடுத்து, சுற்றியிருக்கும் செடியை ஓரடிக்கு மேல் தள்ளி வெட்டி, சுவிட்சை அணைத்துவிட்டால் போதும். மழைக்குப் பயந்து பிளாஸ்டிக் தாளால் முழுவதும் சுற்றிக் கட்டுகிறார்கள். உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும், எலி குடியிருக்கும், வயரைக் கடிக்கும். மேலே மட்டும் ஒரு பலகை வைத்துக் கட்டினால் கூரையிலிருந்து விழும் ஐஸ் தாக்காது. வசந்தத்தில் சுவிட்சைப் போடமுன் அதை எடுத்துவிட வேண்டும்.

இப்போது என் நண்பர்கள் கேட்பதெல்லாம் ஹீட் பம்ப் போடலாமா என்றுதான். வெளிக் காற்றில் இருக்கிற சூட்டைப் பிடித்து உள்ளே கொண்டுவருகிற இயந்திரம் அது. கோடையில் அதையே மாற்றி ஓட்டினால் ஏசி. அதற்குள் தீ இல்லாததால் அதிலிருந்து அந்த விஷப்புகை வரும் பயமும் இல்லை. பழைய ஏசி எப்படியும் மாற்ற வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட வீடென்றால், கடுங்குளிருக்கு ஃபேர்னஸைக் கூடவே வைத்துக்கொண்டு இதைப் போடச் சொல்வேன். ஆனால் அந்த வெளிப்பெட்டி குளிர்காலம் முழுவதும் ஓட வேண்டும். அதன் மேல் பலகையும் வைக்கக்கூடாது, உறையும் போடக்கூடாது. பனிக்கு மேலே நிற்கும்படி கால் வைத்து உயர்த்தி, சுற்றிவரப் பனியை வழித்துவிட வேண்டும். ஃபில்டர் அதற்கும் உண்டு. அதையும் மாதம் ஒருமுறை இழுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கத்தான் வேண்டும்.